மாட்டுத்தலைக்காரன் சாகவில்லை

ரேணுகாம்பாள் டீச்சருக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்த அன்றைக்கே பிடிக்கவில்லை. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், ஊருக்குத் திரும்பும்போது பெட்டி கனக்கிறது என்று அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பழைய கிரேக்க தேசத்துக் கதைகளில் வருகிற விநோதப் பிராணிகள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். ஹெட்மாஸ்டர் நமசிவாயம் சில நாள் அதை மேஜைமேல் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு உலக அறிவு வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இதைத் தமிழில் சொல்லுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டார்.

அது ஐம்பத்தேழாம் வருஷம். மதிய உணவுத் திட்டம் வந்த புதிது. சோறு வெந்ததா, தட்டு கழுவியாயிற்றா, எவன் இரண்டாம் தடவை வரிசையில் நிற்கிறான் என்று பார்ப்பதும் ரேணுகாம்பாள் தலையில்தான் விழுந்திருந்தது. ஐந்தாம் வகுப்பும் அவளுடையது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், அரிசி மில்லில் வேலை பார்க்கும் கணவன் பலராமன், படியேறும்போதெல்லாம் முனகும் மாமியார். வேங்கிக்கால் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வேலூரில் டீச்சர் ட்ரெயினிங் படித்து, அந்த வீட்டிலேயே முதன்முதலாக உத்தியோகத்துக்கு வந்தவள் அவள். அதனால் எந்த வேலையையும் முடியாது என்று சொல்லத் தெரியாது. வாங்கிக்கொண்டு வந்து, அப்புறம் வீட்டில் பாத்திரங்களை டங்கென்று வைப்பாள். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பலராமன் எதுவும் கேட்கவில்லை. சத்தத்திலேயே புரிந்துகொண்டான்.

முதல் வெள்ளிக்கிழமை இடுப்புவரை மனிதன், கீழே குதிரை என்று இருக்கும் ஒரு பிராணியின் படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளக்கப் போகிறார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தரும் அசையவில்லை. இது யாரோட வாகனம் டீச்சர் என்று ஒருவன் கேட்டான். யாருடைய வாகனமும் இல்லை என்றாள். அப்படியென்றால் இதன்மேல் யாரும் உட்கார மாட்டார்களா, பாவம், என்று வகுப்பே பரிதாபப்பட்டது.

அண்ணாமலையார் கோயில் தூண்களில் யாளியைப் பிடித்துத் தொங்கி விளையாடிய பிள்ளைகள் அவர்கள். தீபத் திருவிழாவில் விதவிதமான வாகனங்கள் தெருவைச் சுற்றுவதைத் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தவர்கள். தலை ஒன்றும் உடம்பு ஒன்றுமாக இருப்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. மூன்று தலை நாயைக் காட்டினால் பைரவருக்குச் சொந்தமா என்றார்கள். தலைமுடியெல்லாம் பாம்பாக நெளியும் பெண்ணைக் காட்டி, இவளைக் கண்ணால் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பின்வரிசையில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புற்றுக்குப் பால் ஊற்றினால் கோபம் தணிந்துவிடும் என்று இன்னொருத்தி யோசனை சொன்னாள். ரேணுகாம்பாள் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லோரும் ஏழாம் வாய்ப்பாடு எழுதுங்கள் என்றாள்.

இவர்கள் எல்லோரையும்விட அவள் பொறுமையைச் சோதித்தவள் பொன்னி. மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கும் சடையனின் மகள். வகுப்பில் உயரமானவள். கதை சொல்லும்போது கேள்வி ஒன்றும் கேட்க மாட்டாள். கண்ணை இமைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுத்த வாரம் வேறு கதைக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது, போன வாரத்துக் கதையில் ஒரு சந்தேகம் என்று எழுந்து நிற்பாள். குதிரை மனிதனுக்கு அரைஞாண் கயிறு எந்த இடுப்பில் கட்டுவார்கள்? மூன்று தலை நாய்க்கு மூன்று தலையும் ஒரே நேரத்தில் தூங்குமா, முறை வைத்துத் தூங்குமா? பாம்புத் தலைக்காரி தண்ணீர்க் குடத்தில் தன் முகத்தைப் பார்த்தால் அவளே கல்லாகிவிடுவாளா?

பதில் புத்தகத்தில் இல்லை. இதெல்லாம் எங்கிருந்துதான் உனக்குத் தோன்றுகிறது என்று ரேணுகாம்பாள் எரிந்து விழுவாள். பொன்னி தலையைக் குனிந்துகொள்வாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் எழுந்து நிற்பாள்.

மினோட்டார் கதைக்கு வந்தபோது நிலைமை கைமீறியது. பெயரையே அவர்கள் மீனாட்டார் ஆக்கிவிட்டார்கள். மீன் இல்லை, மாடு, என்று அவள் பலகையில் எழுதிக் காட்டினாள். மாட்டுத் தலையும் மனித உடம்புமாகப் பிறந்தவன். அந்தத் தேசத்து ராஜா, யார் உள்ளே போனாலும் திரும்பி வரமுடியாத ஒரு சுற்றுவழி மாளிகைக்குள் அவனை அடைத்து வைத்தான். தீசியஸ் என்ற வீரன் நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அவனைக் கொன்றான். இதுதான் கதை. சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இவன் மகிஷாசுரன், நம் ஊரில் துர்க்கையம்மன் கையால் செத்தவன் என்றது ஒரு கட்சி. கொம்பைப் பாருங்கள், எருமைக் கொம்பு பின்னால் வளையும், இது மேலே நிமிர்ந்திருக்கிறது, இவன் நந்தி, நந்தியைக் கொல்லக்கூடாது என்றது மறு கட்சி. படத்தைச் சுற்றி நின்று கொம்பை ஆராய்ந்தார்கள். ஒருவன் அடுத்தவன் சட்டையைக் கிழித்தான். ரேணுகாம்பாள் மேஜையைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் பொன்னி எழுந்தாள். அந்த ராஜாவுக்கு மாட்டுத்தலைக்காரன் என்ன உறவு என்று கேட்டாள். ராணி பெற்ற பிள்ளை என்றாள் டீச்சர்.

"அப்புறம் ஏன் டீச்சர் உள்ள வச்சி அடைச்சாங்க?"

"வெக்கம். நாலு பேரு பாத்தா அசிங்கம்னு நெனச்சிருப்பாரு. உக்காருடி."

பொன்னி உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ரேணுகாம்பாள் அதை அப்போது கவனித்ததாகச் சொல்ல முடியாது. அன்று சாம்பாரில் பல்லி விழுந்திருந்தது. அவளுக்கு அந்தக் கவலை.

ஆண்டு விழா வந்தது. பள்ளி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், வழக்கமான அரிச்சந்திர நாடகம் வேண்டாம், புதுமையாக ஏதாவது போடலாம் என்று நமசிவாயம் சொன்னார். சொல்லும்போதே அவர் பார்வை ரேணுகாம்பாள் பக்கம் திரும்பியது. அவள் வேறு பக்கம் பார்த்தும் பயனில்லை. மினோட்டார் நாடகம் அவள் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது.

மாட்டுத்தலைக்காரனாக நடிக்கப் பையன்கள் ஒருவரும் முன்வரவில்லை. பொன்னி கை தூக்கினாள். உயரம் சரியாக இருந்ததால் ரேணுகாம்பாள் ஒப்புக்கொண்டாள். தீசியஸ், செக்குக்காரர் மகன் பரசுராமன். நல்ல வாட்டசாட்டமான பையன். ஆனால் ஒத்திகையில் கட்டைக் கத்தியை ஓங்கினானே தவிர இறக்கவில்லை. மாட்டு முகத்தை வெட்டினால் பாவம் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாளாம். இது மாடு இல்லை, பொன்னிதான்; அவளை வெட்டினால் பாவம் இல்லை என்று ரேணுகாம்பாள் கத்தினாள். கத்திய பிறகு தான் சொன்னது தனக்கே என்னவோபோல் இருந்தது.

முகமூடிக்கு பஸ் ஷெட்டில் பெயிண்ட் அடிக்கும் காசியிடம் சொல்லியிருந்தாள். பயங்கரமாக இருக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். காகிதக்கூழில் அவன் செய்துகொண்டு வந்த தலை, பார்த்தவர்கள் தடவிக்கொடுக்க ஆசைப்படும்படி இருந்தது. பெரிய கண், நீள இமை, நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கிரேக்க தேசத்து மாட்டுக்கு விபூதி எதற்கு என்று கேட்டாள்.

"பட்டை இல்லாம மாட்டு மூஞ்சி வெறிச்சுனு இருக்குதும்மா. கை தானா போட்டுடுச்சு," என்றான் காசி.

அழிக்கச் சொன்னாள். அழித்தான். காய்ந்ததும் விபூதி மங்கலாக மறுபடியும் தெரிந்தது. இன்னொரு தரம் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

விழா அன்று சாயங்காலம் பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டு, பெஞ்சுகளைச் சேர்த்து மேடையாக்கியிருந்தார்கள். கோரைப் பாய்களை நிறுத்திச் சுற்றுவழி மாளிகை. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் நமசிவாயம், பின்னால் தெருவே திரண்டு வந்த கூட்டம். தீசியஸ் நூலைப் பிடித்துக்கொண்டு நுழைந்தான். பாய்களுக்குப் பின்னாலிருந்து மாட்டுத்தலைக்காரன் வெளியே வந்தான்.

வந்தவன் நன்றாகத்தான் வந்தான். தோளைக் குலுக்கினான், காலால் தரையைப் பறித்தான், கொம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டினான். ஆனால் பேசவேண்டிய வசனத்தைப் பேசவில்லை. வசனம் மறந்துவிட்டாளே என்று ரேணுகாம்பாள் திரைக்குப் பின்னாலிருந்து முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். யாரோ அவள் புடவைத் தலைப்பை இழுத்தார்கள். திரும்பினால் பொன்னி.

ஒரு கணம் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. பொன்னி இங்கே நின்றால் மேடையில் ஆடுவது யார்?

"என் தம்பி டீச்சர். பேரு மண்ணாங்கட்டி," என்றாள் பொன்னி. "அவனுக்குப் பொறக்கும்போதே மேலுதடு பிளந்து இருக்கும். அப்பா வெளியில வுடமாட்டாரு. அவனும் நெட்டைதான், முகமூடி போட்டா யாருக்கும் தெரியாதுன்னு நான்தான் இட்டாந்தேன். அடிக்காதீங்க டீச்சர்."

வெள்ளிக்கிழமைதோறும் பொன்னி வீட்டுக்குப் போய்க் கதை முழுவதையும் தம்பிக்குச் சொல்லியிருக்கிறாள். மூட்டைகள் அடுக்கிய பின்கட்டு அறையில் உட்கார்ந்து அவன் வாரம் முழுக்க யோசிப்பான். அரைஞாண் கயிறும், நாயின் தூக்கமும், குடத்துத் தண்ணீரும் அவன் கேட்டு அனுப்பிய கேள்விகள். ஒத்திகை நடந்த நாட்களில் அக்கா ஆடிக்காட்டியதை அவன் அக்காவைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான். இதையெல்லாம் பொன்னி திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

பரசுராமன் கத்தியை ஓங்கியபடி நின்றான். மாட்டுத்தலைக்காரன் விழவேண்டிய நேரம். அவன் விழவில்லை. பிறந்ததிலிருந்து இத்தனை பேர் முன்னால் நின்றிராத பிள்ளை. விழுந்தால் முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். விளக்கு வெளிச்சத்தில் நெற்றி விபூதி பளிச்சென்று தெரிந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது. பந்தல் முழுக்க அதை வாங்கிச் சொன்னது. பரசுராமன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான்.

ரேணுகாம்பாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டருக்கு நாடகம் பிடித்துவிட்டது. மேடைக்கு வந்து, ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு, இந்தக் கதையில் மாடு கடைசியில் சாகும் என்று படித்த ஞாபகம் இருக்கிறதே என்று கேட்டார். நமசிவாயத்தின் முகம் வெளுத்தது. ரேணுகாம்பாளுக்குப் பொய் சொல்ல நினைப்பு வரவில்லை. சொல்லவும் அலுப்பாக இருந்தது.

"சாவும்ங்க," என்றாள். "இன்னிக்கு சாவல."

அவர் சிரித்தார். மாட்டுத்தலைக்காரன் தோளைத் தட்டி, முகமூடியைக் கழட்டச் சொன்னார். யார் இந்தக் கெட்டிக்காரப் பிள்ளை, பார்க்கலாம் என்றார். பிள்ளை இரண்டு கையாலும் கொம்புகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திரைக்குப் பின்னால் பொன்னி அழவே ஆரம்பித்துவிட்டாள். ரேணுகாம்பாள் குனிந்து, காகிதக் காதருகே வாயை வைத்து, கழட்டட்டுமா என்று கேட்டாள். தலை இடமும் வலமும் ஆடியது. நிமிர்ந்து, பசை இன்னும் காயவில்லை, இப்போது கழட்டினால் தோல் வந்துவிடும் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். இரண்டு நிமிஷத்துக்கு முன் வராத பொய் இப்போது தடங்கலில்லாமல் வந்தது. பரிசாக வைத்திருந்த பித்தளை டம்ளரை அவர் முகமூடிக்காரன் கையிலேயே கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கோயிலின் மேற்கு வாசல் பேகோபுரத்துக்குப் பின்னால் சடையன் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் தனக்கு இது வேண்டாத வேலை என்று சொல்லிக்கொண்டே போனாள். சடையனின் மனைவி வெள்ளையம்மாள் பாயை விரித்துப்போட்டு, மோர் கொடுத்தாள். சடையன் நின்றுகொண்டே பேசினான். தம்பியை வீட்டுக்குத் தெரியாமல் நாடகத்துக்குக் கூட்டிப் போனதற்குப் பொன்னிக்கு அடி விழுந்திருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்றாள் ரேணுகாம்பாள்.

"பாக்கிறவங்க சிரிப்பாங்க டீச்சர்."

"சிரிப்பாங்கதான். என் வகுப்புல அத்தனையும் என்னைப் பாத்துக் கூடத்தான் சிரிக்குதுங்க. நான் வரலையா?"

எல்லாம் இவளால் வந்தது என்று சடையன் மனைவி பக்கம் கையைக் காட்டினான். வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தன்று அரிவாள்மணையில் காய் நறுக்கினாளாம். வெள்ளையம்மாள் முகத்தைத் தூக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ரேணுகாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அன்னிக்கி நறுக்கின காயை யாரு சாப்பிட்டது?"

சாப்பிட்டவன் சடையன்தான். அப்படியென்றால் பாதி பாவம் உங்களுக்கும் உண்டு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வரவேண்டியதுதான் என்றாள். இந்த வாயைத் தைத்துச் சேர்க்கும் வைத்தியம் அங்கே இருக்கிறது; ட்ரெயினிங் படித்த காலத்தில் அப்படித் தைத்த பிள்ளைகளைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். சடையன் அன்று சம்மதிக்கவில்லை. அவள் அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள். கடைசியில், இந்தம்மா வருவது நின்றால் போதும் என்றுதான் அவன் ஒப்புக்கொண்டான். அவனே பிற்பாடு அப்படிச் சொல்லியிருக்கிறான்.

கோடை விடுமுறையில் சடையன், வெள்ளையம்மாள், பிள்ளை, ரேணுகாம்பாள் என்று நான்கு பேரும் வேலூர் வழியாகப் போகும் காட்பாடி ரயிலில் ஏறினார்கள். வண்டி புறப்பட்டதும் மண்ணாங்கட்டி முகத்தில் சுற்றியிருந்த துண்டை விலக்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிரே இருந்த ஒருத்தி வெறித்துப் பார்த்தாள். ரேணுகாம்பாள் அவளைத் திருப்பி வெறித்தாள், அவள் வேறு பக்கம் திரும்பும்வரை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவையாக ஆபரேஷன் செய்தார்கள். உதடு சேர்ந்தது, ஒரு தழும்பு நின்றது. பேச்சு மட்டும் மூக்கு வழியாகத்தான் வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வந்தான். ஒரு மாதத்துக்குள் ரேணுகாம்பாள் தன் தலையெழுத்தை நொந்துகொண்டாள். இவ்வளவு நாள் அடைபட்டுக் கிடந்த பிள்ளை சாதுவாக இருப்பான் என்று நினைத்தது அவள் தப்பு. சாக்பீஸ் திருடினான், கேலி செய்தவனைக் கடித்தான், கேலி செய்யாதவனையும் கடித்தான், கணக்கு வந்தால் சுவரேறிக் குதித்து ஐயங்குளத்துக்குப் போய்விடுவான். ஹெட்மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மட்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்து ஐந்தாம் வகுப்பு வாசலில் உட்கார்ந்துகொள்வான். இப்போது கேள்விகளை அடுத்த வாரத்துக்கு வைக்கவேண்டிய அவசியம் இல்லை. கதை நடுவிலேயே கேட்பான். பாதி வார்த்தை புரியாது, புரியும்வரை விடமாட்டான்.

பறக்கும் குதிரைக்குக் கால் எதற்கு என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டான். இறங்குவதற்கு என்றாள். இறங்காவிட்டால் என்ன என்றான். அவள் புத்தகத்தை அவன் மடியில் போட்டு, நீயே படித்துத் தெரிந்துகொள், எழுத்துக் கற்றுக்கொள்ளாமல் என் உயிரை எடுக்காதே என்றாள். இங்கிலீஷ் தெரியாமல் அதை எப்படிப் படிப்பான் என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை. அவன் படங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாக ஒரு கதை கட்டி, மறுநாள் மதியச் சோற்று வரிசையில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் பாம்புத் தலைக்காரிக்கும் மூன்று தலை நாய்க்கும் சண்டை. கிரேக்க தேசத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வரிசை நகரவே இல்லை. சோறு ஆறிப்போயிற்று. சமையல்காரி வந்து ரேணுகாம்பாளிடம் முறையிட்டாள்.

பொன்னி எட்டாவது முடித்து, பிறகு நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். மண்ணாங்கட்டி எட்டாவதில் இரண்டு தடவை தோற்றான். மூன்றாம் தடவை எழுதமாட்டேன் என்று செங்கம் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்துவிட்டான். அறுபத்தெட்டாம் வருஷம் ரேணுகாம்பாளுக்குச் செங்கம் ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. புது இடம், ஓட்டுக்கூரை ஒழுகியது, ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். முதல் நாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வந்தது, படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை மூக்கால் கூவிக்கொண்டிருந்தான் அவன். புதிதாக ஏறிய ஒருவன் அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்தான். மண்ணாங்கட்டி அவனைக் கடிக்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூவினான்.

டீச்சரைப் பார்த்ததும் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அவளுக்கு இடம் பிடித்துக்கொடுத்தான். அவள் நன்றி எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை பரீட்சைக்கு எப்போது பணம் கட்டப் போகிறாய் என்று கேட்டாள். அவன் கேட்காததுபோல் விசில் ஊதினான். பஸ் புறப்பட்டது. ஊர் எல்லை தாண்டும்வரை அவள் அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.